எழுதியவரின் சம்மதம்

சென்னையில் நான் வேலை பார்த்த நிறுவனம், மென்பொருளுக்குக் கையேடு எழுதும் எங்கள் குழுவை மொத்தமாகக் கலைத்தபோது, பெட்டியைக் கட்டிக்கொண்டு திருவண்ணாமலைக்கே வந்துவிட்டேன். என் கணவருக்குச் செங்கம் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார் வேலை. அதுவரை சனி, ஞாயிறில் மட்டும் குடும்பம் நடத்தியவர்கள் நாங்கள். போளூர் ரோட்டை ஒட்டிய மாடி வீட்டில், வெயில் ஏறுவதற்குள் சமையலை முடித்துவிட்டு, காலியான பகலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வேலைக்கான நேர்காணலில், "இடையில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்பார்கள். அதற்குப் பதில் வேண்டும் என்றுதான் தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு மென்பொருளின் ஆவணப் பக்கங்களை, அதாவது அதைப் பயன்படுத்தும் முறையை விளக்கும் பக்கங்களை, பராமரிக்கச் சேர்ந்தேன். நாம் சாதாரண உரையாக எழுதிக் கொடுப்பதை வாங்கி, தலைப்பு, முகப்பு, முகவரியோடு முழு இணையதளமாகக் கட்டித் தரும் மென்பொருள் அது. உலகத்தில் பல மூலைகளில் இருந்து ஆட்கள் சம்பளமில்லாமல் அதைச் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் கொடுக்கும் வேலை, யாரும் விரும்பாத வேலை: செத்துப்போன இணைப்புகளைச் சரிசெய்வது.

ஆவணத்தில் "மேலும் அறிய இங்கே பாருங்கள்" என்று எத்தனையோ இடங்களில் வெளித்தளங்களுக்கு வழி காட்டியிருப்பார்கள். காலம் போகப் போக அந்தத் தளங்கள் இடம் மாறும், பெயர் மாறும், இல்லாமலே போகும். ஒரு சின்ன நிரல் எல்லா இணைப்புகளையும் தட்டிப் பார்த்து, எது திறக்கவில்லை என்று சொல்லும். பிறகு மனிதர் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். புது முகவரி இருந்தால் மாற்ற வேண்டும், இல்லையென்றால் பழைய பக்கங்களைச் சேமித்து வைக்கும் காப்பகத்தில் நகல் இருக்கிறதா என்று தேட வேண்டும். அதுவும் கிடைக்காவிட்டால் அந்த வரியையே எடுத்துவிட வேண்டும். எனக்கு அந்த வேலை பிடித்துப்போனது. தையல் பிரிந்த இடங்களைத் தேடித் தேடிப் போடுவதுபோல நிதானமாகப் போகும்.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான், இந்திய மொழிகளில் தளம் கட்டுவது பற்றிய பகுதியில் ஒரு இணைப்பைத் தட்டினேன். சீட்டாட்ட விளம்பரம் ஒன்று திரை முழுக்கப் பளபளத்தது. முகவரியை வைத்திருந்தவர் வருடக் கட்டணம் கட்டிப் புதுப்பிக்காமல் விட்டிருக்கிறார், வேறு யாரோ பிடித்துக்கொண்டார்கள். இது அடிக்கடி நடப்பதுதான். காப்பகத்தில் தேடினேன். நகல் இருந்தது, தமிழில்.

படிக்க ஆரம்பித்தவள் வேலையை மறந்துவிட்டேன். பிரச்சினை இதுதான்: அந்த மென்பொருள், பக்கத்தின் தலைப்பிலிருந்து தானாக முகவரியைச் செய்துகொள்ளும். அப்படிச் செய்யும்போது தமிழில் துணைக்காலையும் கொம்பையும் புள்ளியையும் குப்பை என்று நினைத்து உதறிவிடும். "கோயில்" என்பது "கயல" ஆகிவிடும். இதை விளக்க எழுதியவர் ஒரு கற்பனை ஊருக்குத் தளம் கட்டிக் காட்டியிருந்தார். அந்த ஊரில் பாலுக்கு ஒரு பக்கம், பல்லுக்கு ஒரு பக்கம். உதறிய பிறகு இரண்டுக்கும் "பல" என்றே முகவரி. "காலையில் பால்காரரைக் கூப்பிட்டால் பல் டாக்டர் குறடோடு வந்து நிற்பார், அவர் மேல் தப்பில்லை, நாம் எழுதிய முகவரி அப்படி" என்று எழுதியிருந்தார். அதன் பிறகு, எந்தக் கோப்பில் எந்த வரியை மாற்றினால் சரியாகும் என்று, கையைப் பிடித்து அழைத்துப் போவதுபோல ஒவ்வொரு படியும்.

நான் வருடக்கணக்காகக் கையேடு எழுதியவள். எழுதுகிறவர் படிப்பவரை மதிக்கிறாரா, விரட்டுகிறாரா என்பது இரண்டு பத்தியில் தெரிந்துவிடும். இவர் மதித்தவர்.

அந்தக் கற்பனை ஊரில் கடைசியாக ஒரு காபிக் கடை வந்தது. அதற்கு மட்டும் நிஜப் படம் போட்டிருந்தார். மஞ்சள் கேட், வேப்ப மரம், பின்னால் மலை. கீழே, "என் மனைவி ஆரம்பிக்கப்போகும் கடை. இன்னும் பெயிண்ட் காயவில்லை" என்று ஒரு வரி. மலை ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு மாதிரி தெரியும் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். இது செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி உள்ளே போகும் சந்துகளிலிருந்து தெரியும் மலை. அந்த மஞ்சள் கேட்டை ஆட்டோவில் நானே எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறேன்.

முதலில் அவர் பக்கத்திலிருந்த மின்னஞ்சலுக்கு எழுதிப் பார்த்தேன். பதில் இல்லை. பௌர்ணமிக் கூட்டம் கலைந்து ரோட்டைத் திறந்துவிட்ட பிறகு, ஒரு மதியம் மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

கேட்டின் மஞ்சள் வெளுத்திருந்தது. உள்ளே நாலைந்து மேஜை, ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி மட்டும் இஞ்சி டீயோடு உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். கல்லாவில் இருந்த பெண்ணுக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். காபி சொல்லிவிட்டு, எப்படி ஆரம்பிப்பதென்று தெரியாமல் திரையைத் திருப்பிக் காட்டினேன்.

"இந்தப் படம் உங்க கடைதானேங்க?"

குனிந்து பார்த்தவர் திரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இது எங்க வீட்டுக்காரர் எடுத்ததுங்க. இது எப்படி உங்ககிட்ட?"

சொன்னேன். அந்தத் தளம் இப்போது இல்லை, வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள், இது காப்பகத்தில் கிடைத்த பழைய நகல் என்று. அவர் முகம் மாறியது.

"சைட்டு போயிடுச்சா? எனக்குத் தெரியவே தெரியாதேங்க."

பின்பக்கம் கையைக் காட்டினார். சமையல்கட்டுக்கு வெளியே, வேப்ப மர நிழலில் ஒருவர் ஸ்பூன்களைத் துடைத்து, ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தார். நாற்பது வயசு இருக்கும். மடிப்புக் கலையாத சட்டை.

கொரோனாவுக்கு அடுத்த வருஷம் அவருக்கு மூளைக் காய்ச்சல் வந்திருக்கிறது. வேலூரில் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்துவிட்டார். வந்தவருக்கு மனைவியைத் தெரிந்தது, அம்மா அப்பாவைத் தெரிந்தது, படித்த பள்ளிக்கூடம், கூடப் படித்தவர்கள், மலை சுற்றும் வழி எல்லாம் தெரிந்தது. சென்னையும் அங்கே பார்த்த வேலையும் மட்டும் துடைத்துவிட்டதுபோலப் போய்விட்டது.

"எழுத்து தெரியும்ங்க, போர்டெல்லாம் படிப்பார். ஆனா நாலு வரி தாண்டினா முதல் வரி போயிடும். அதனால படிக்கறதையே விட்டுட்டார். யாராவது சொல்லிக் கேட்டா நல்லா ஞாபகம் வச்சுக்குவார். அவர் போன் நம்பரை மாத்திட்டோம், பேங்க் கார்டையும் நிறுத்திட்டோம், யாராவது ஏமாத்திடப் போறாங்கன்னு. அந்தக் கார்டுல இருந்துதான் சைட்டுக்குப் பணம் போய்ட்டிருந்ததுன்னு எனக்கு யார் சொல்றது?"

தன்மேலேயே கோபப்படுவதுபோலச் சொன்னார். அந்த நாட்களில் அவர் காப்பாற்ற வேண்டியிருந்தது மனிதனை. இணைய முகவரியை யார் நினைப்பார்கள்?

"அவர்கிட்ட படிச்சுக் காட்டறீங்களா? எனக்கு இங்கிலீஷ் வார்த்தையெல்லாம் தட்டும். நீங்க படிச்சா சரியா இருக்கும்" என்றார்.

மர நிழலுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். அவர் ஸ்பூன் சுற்றுவதை நிறுத்தவில்லை, ஆனால் கேட்டார். பால்காரரும் பல் டாக்டரும் வந்த இடத்தில் கை நின்றது. அப்புறம் தோள் குலுங்கச் சிரித்தார். கல்லாவில் இருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். அவர் அப்படிச் சிரித்து நாளாயிற்று என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

"நல்லா எழுதியிருக்கார். யாருங்க இவரு?" என்று கேட்டார்.

"நீங்கதாங்க. நீங்க எழுதினது" என்று மனைவி அங்கிருந்தே சொன்னார்.

அவர் தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்த விருந்தாளி ஏதோ தப்பாகச் சொன்னால் மறுக்காமல் விடுவோமே, அப்படி ஒரு மரியாதை அந்தத் தலையாட்டலில். மனைவி உள்ளே போனதும் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்: "அவ அப்படித்தான் சொல்லுவா, மேடம். நான் சந்தோஷமா இருக்கட்டும்னு."

அன்றைக்கு வீடு திரும்பும்போது, இன்னும் சில வருஷம் முன்னால் இந்தக் கேட்டுக்குள் எதற்காவது நான் நுழைந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் நல்ல காபி எங்கே கிடைக்கும் என்று தேடுகிறவள் நான். இதே வேலை தெரிந்த ஒருவர், இத்தனை பக்கத்தில். இரண்டு பேருக்கும் பேச எவ்வளவோ இருந்திருக்கும்.

ஆவணக் குழுவின் தலைவருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். எங்கேயோ குளிர்தேசத்தில் இருக்கும் மனிதர், நான் நேரில் பார்த்ததில்லை. மறுநாளே பதில் போட்டார். காப்பக நகலுக்கு இணைப்புக் கொடுப்பதைவிட, அந்த வழிகாட்டியையே எங்கள் ஆவணத்துக்குள் சேர்த்துவிடலாம், பிறகு அது தொலையாது என்றார். மென்பொருளின் புதிய பதிப்புக்கு ஏற்ப இரண்டொரு கட்டளைகளை மட்டும் மாற்ற வேண்டும். எழுதியவரின் பெயர் மேலே இருக்கும். ஒரே ஒரு விஷயம்: எழுதியவர் சம்மதம் என்று எழுத்தில் வேண்டும்.

சந்தோஷமாகக் கடைக்குப் போனேன். மனைவிக்கு விவரம் சொன்னதும் கண் கலங்கிவிட்டது. "அவர் பேர் வருமா? யார் வேணா பார்க்கலாமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இரண்டு பேருமாக மரத்தடிக்குப் போய் அவரிடம் சொன்னோம். எளிதாக, நிதானமாகச் சொன்னேன். இந்த எழுத்து நிறைய பேருக்கு உதவும், எங்கள் புத்தகத்தில் சேர்த்துக்கொள்ள விரும்புகிறோம், உங்களுக்குச் சம்மதமா?

கவனமாகக் கேட்டுவிட்டுத் திருப்பிக் கேட்டார்: "அவரைக் கேட்டீங்களா?"

"யாரைங்க?"

"எழுதினவரை."

"நீங்கதானேங்க எழுதினது" என்றார் மனைவி.

"நீ சும்மா இரும்மா. மேடம், ஒருத்தர் இவ்வளவு மெனக்கெட்டு எழுதியிருக்கார். அவரைக் கேக்காம நான் சரின்னு சொன்னா நல்லா இருக்குமா? அவரைத் தேடிக் கேளுங்க. நல்ல மனுஷன் மாதிரி தெரியுது, மாட்டேன்னு சொல்ல மாட்டார்."

கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு நல்லது சொல்லும் குரலில்தான் சொன்னார். அவர் காய்ச்சலுக்கு முன்பு எப்படிப்பட்டவராக இருந்திருப்பார் என்று எனக்கு அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. அந்த நேர்மை அப்படியே இருந்தது. அந்த நேர்மைதான் குறுக்கே நின்றது.

அதன் பிறகு நாலைந்து தடவை முயற்சி செய்தோம். மனைவி பழைய அடையாள அட்டையைக் காட்டினார், அலுவலகத்தில் எடுத்த படத்தைக் காட்டினார். படத்தில் இருப்பது தான்தான் என்று ஒப்புக்கொண்டார். சென்னையில் வேலை பார்த்ததாக எல்லோரும் சொல்வதால் அதையும் ஒப்புக்கொண்டார். ஆனால் இந்த எழுத்து மட்டும் இல்லை. "எனக்கு இந்த அளவுக்கு வராதுங்க" என்றார். ஒரு நாள் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

"சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா என்ன குறைஞ்சு போயிடும் உங்களுக்கு? அவங்க எத்தனை தடவை வர்றாங்க!"

அவர் முகம் சுருங்கிப்போனது. "தெரியாத ஒண்ணை எப்படிம்மா என்னோடதுன்னு சொல்றது?" என்று மட்டும் கேட்டார். மனைவி புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் கொண்டுவந்த ஆசைதானே இந்த வீட்டில் சண்டையாக நிற்கிறது என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

குழுவின் தலைவரிடம், மனைவி சம்மதித்தால் போதுமா என்று கேட்டேன். அவர் யாரிடமோ விசாரித்துவிட்டு எழுதினார்: கணவரால் தானே முடிவெடுக்க இயலாது, அவர் சார்பில் மனைவிக்கு உரிமை உண்டு என்று சட்டப்படி ஒரு சான்று இருந்தால் போதும். அதை நான் கல்லா முன்னால் நின்று எத்தனை மென்மையாகச் சொல்ல முடியுமோ அத்தனை மென்மையாகச் சொன்னேன். மனைவி புரிந்துகொண்டார்.

"அதாவது, அவருக்கு புத்தி சரியில்லைன்னு நான் எழுதித் தரணும்."

"அப்படி இல்லீங்க..."

"அப்படித்தான்க்கா. சுத்தி வளைச்சாலும் அதுதான்." முதல் தடவையாக என்னை அக்கா என்று கூப்பிட்டார். "காலையில தனியா அடி அண்ணாமலை வரைக்கும் நடந்துட்டு வர்றார். வர்றவங்களை வாங்கன்னு சொல்றார். அவரைப் பத்தி அப்படி ஒரு பேப்பர்ல என் கையெழுத்து வேணாம். இது போனா போகட்டும்."

நானும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் வருத்தம் வருத்தம்தான்.

ஆவணத்துக்கு ஏதாவது வேண்டுமே என்று, அதே பிரச்சினையைப் பற்றி நானே புதிதாக ஒரு வழிகாட்டி எழுதினேன். அவருடைய ஒரு வாக்கியம்கூட வராமல் பார்த்துக்கொண்டேன். பாலும் பல்லும் வராமல் வேறு சொற்களைத் தேடினேன். எல்லாப் படிகளையும் சோதித்துச் சரிபார்த்தேன். கீழே, இதை முதலில் விளக்கிய பழைய கட்டுரை என்று காப்பக நகலுக்கு ஓர் இணைப்பும் கொடுத்தேன். குழு ஏற்றுக்கொண்டது. இணைப்புகளைச் சோதிக்கும் நிரல், எல்லாம் சரி என்று பச்சை காட்டியது.

அதை அவரிடம் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார்.

"சரியா இருக்குங்க" என்றார். அப்புறம், என் மனம் நோகக் கூடாதே என்று யோசித்துக்கொண்டே சொன்னார்: "ஆனா முன்னாடி ஒருத்தரோடது படிச்சீங்களே, அவர் சொன்னா சிரிச்சுக்கிட்டே புரியும். உங்களோடதுல புரியறது மட்டும்தான் இருக்கு."

அது உண்மை. எத்தனையோ பேர் என் எழுத்தைத் திருத்தியிருக்கிறார்கள், இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை.

அந்த வருஷக் கடைசியில் மழை விட்டிருந்த ஒரு நாள், கடையில் ஆள் கம்மி. மனைவி எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். "அவர் வேற என்னவெல்லாம் எழுதினார்க்கா? அந்த நகல்ல அதெல்லாம் இருக்குமா?" என்று கேட்டார். அது எனக்கே தோன்றியிருக்க வேண்டும். நான் என் ஆவணத்துக்குத் தேவையான ஒரு பக்கத்தோடு நின்றுவிட்டிருந்தேன்.

அவருடைய தளத்தின் முகப்பு காப்பகத்தில் இருந்தது. கட்டுரைத் தலைப்புகள் வரிசையாக இருந்தன. எழுத்துரு பற்றி, தேதியைத் தமிழில் காட்டுவது பற்றி, தேடும் வசதி பற்றி. இரண்டு மூன்று திறந்தன. மற்றவற்றைத் தட்டினால், இந்தப் பக்கம் சேமிக்கப்படவில்லை என்று வந்தது. காப்பகம் எல்லாவற்றையும் எடுத்துவைப்பதில்லை. அதன் கைக்கு எட்டியது மட்டும்தான் மிஞ்சும்.

பட்டியலின் மேலே, கடைசியாக எழுதியதாக ஒரு தலைப்பு இருந்தது: "வேலையை விட்டு ஊருக்குத் திரும்புகிறேன்."

மனைவி அதன்மேல் விரலை வைத்தார். "இதைத் திறங்கக்கா."

திறக்கவில்லை. வேறு காப்பகங்களில் தேடினேன், தேடுபொறிகளின் பழைய நகல்களில் தேடினேன், அப்போது அதை யாராவது எங்காவது எடுத்துப் போட்டிருப்பார்களா என்று தேடினேன். எங்கேயும் இல்லை. அவருடைய பழைய மடிக்கணினியை, வேலையை விட்டபோதே அலுவலகத்தில் திருப்பி வாங்கிக்கொண்டுவிட்டார்களாம்.

"கடை போடலாம்னு நான்தான் பிடிவாதம் பிடிச்சேன். அவர் சரின்னு வந்துட்டார். சந்தோஷமா வந்தாரா, எனக்காக வந்தாரான்னு ஒரு நாளும் நான் கேட்கல. கேட்டுக்கலாம்னு இருந்தேன்" என்றார்.

வெளியே அவர் நனைந்த நாற்காலிகளைத் துடைத்து நிமிர்த்திக்கொண்டிருந்தார். மேகம் விலகி மலையின் பாதி தெரிந்தது. மனைவி அந்தத் தலைப்பைத் தன் போனில் படம் எடுத்துத் தரச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். யாரோ இரண்டு பேர் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வர, காபி போட எழுந்து போனார்.

இப்போதும் மாதத்தில் ஒன்றிரண்டு முறை போகிறேன். திறந்த கட்டுரைகளை அவருக்குப் படித்துக் காட்டி முடித்தாகிவிட்டது. திறக்காதவற்றைப் பற்றி அவரிடம் நாங்கள் பேசுவதில்லை.